காஷும் காசும் ஒண்டோ?

வணக்கம் அண்ணா, நான் புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறன். இங்கிலிஷில காஷ் எண்டுறது எங்கட காசு எண்ட சொல்லுத்தான், வெள்ளைக்காரன் எங்களிட்ட எடுத்தது எண்டு ஒரு வட்ஸ்அப் மெசேஜ் வந்தது, நானும் எல்லாருக்கும் அனுப்பிப்போட்டன். எங்கட மாமா அது முழுப்பிழை எண்டு பேசுறார். எது சரி?

பதில்:

தங்கச்சி, மாமா சொல்லுறது பாதி சரி. ஏனெண்டா இங்கிலிஷில காஷ் எண்டு எழுதுற சொல்லு ஒண்டில்லை, ரெண்டு.

நீங்கள் வவுச்சரில எழுதுற காஷ் எங்கட காசில இருந்து வரேல்லை. லத்தீனில காப்சா எண்டா பெட்டி, அது இத்தாலியில காஸா ஆகி பிரெஞ்சுக்கும் போய் 1590கள் அளவில இங்கிலிஷுக்கு வந்தது, வரேக்க பணப்பெட்டிக்கும் அதுதான் பேர், உள்ளுக்க கிடக்கிற பணத்துக்கும் அதுதான் பேர், போகப்போகப் பெட்டி மறந்து பணம் மட்டும் மிஞ்சிட்டுது. உங்கட முதலாளி காசு போடுற லாச்சி இருக்கெல்லோ, நாளைக்கு எல்லாரும் பணத்தையே லாச்சி எண்டு சொல்லத் துவங்கினா எப்பிடி, அப்பிடித்தான். அந்த லாச்சியும் ஒல்லாந்தர் விட்டிட்டுப்போன சொல்லு, அது வேற கதை.

மற்றக் காஷ்தான் எங்கட. போர்த்துக்கீசர் இந்தப் பக்கத்துச் சந்தையளில காசு எண்டு கேட்டதை காயிஷா எண்டு ஆக்கினவை. அவையின்ர பாஷையில காயிஷா எண்டாலும் பெட்டிதான், அதுவும் அதே காப்சாவின்ர பிள்ளை! பிறகு இங்கிலிஷ்காரர் வந்து அந்தக் காயிஷாவைத் தங்களிட்ட ஏற்கெனவே இருந்த காஷ் மாதிரியே எழுதிப்போட்டினம், ரெண்டு சொல்லும் ஒரே உருவத்தில நிண்டா ஆருக்குத்தான் குழம்பாது, உங்களில பிழையில்லை.

இந்தக் காஷ் எண்டா சின்ன நாணயம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் மெட்ராஸில 80 காசு ஒரு பணம் (அதுவும் ஒரு நாணயத்தின்ர பேர்), 42 பணம் ஒரு பகோடா எண்ட தங்க நாணயம் எண்டு 1818 வரைக்கும் கணக்கு வைச்சவை. நடுவில சதுர ஓட்டை போட்ட சீன நாணயம் பாத்திருப்பியள், சீனர் அதை வென் எண்டு எண்ண இங்கிலிஷ்காரர் காஷ் எண்டுதான் சொன்னவை. எங்கட சொல்லு சீனாவின்ர நாணயத்துக்கே பேராப் போய் நிண்டிருக்கு, அந்த வட்ஸ்அப் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாத் தெரியுது. பழமை வேணுமெண்டாலும் இருக்கு, போர்த்துக்கீசர் 1505 இல இலங்கைக்கு வர எத்தினையோ நூறு வருஷத்துக்கு முந்தின சோழர் கல்வெட்டிலயே ஈழக்காசு எண்டு வருது. இவ்வளவும் கையில இருக்க வவுச்சர் காஷையும் எங்கட எண்டு ஏன் பிடிவாதம் பிடிக்கவேணும், அதால உண்மையானதையும் ஆக்கள் நம்பாமல் விடுவினம்.

மெசேஜ் அனுப்பின ஆக்களுக்குத் திருத்தி ஒண்டு போடுங்கோ. கோட்டை சதாம் வீதியில மத்திய வங்கியின்ர நூதனசாலை இருக்கு, கடையில இருந்து நடந்தே போகலாம், மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் பழைய நாணயங்களைப் பாருங்கோ.