பிள்ளைக்குக் கண்நோய்: திருகோணமலையில் எங்கே காட்டலாம்? கேள்வி பதில்

கண் கிளினிக்கில் பல வருஷம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கச்சான் காற்று தொடங்கிப் புழுதி பறந்தால் கண்நோய்க் கேள்விகளும் கூடவே வரும். மருந்து எழுதித் தருவது டொக்டரின் வேலை. எங்கே போவது, எவ்வளவு கெதியாகப் போவது என்பதை நான் சொல்கிறேன்.

உப்புவெளி, ஒரு தாய்: அக்கா, பிள்ளை பிறந்து ஒன்பது நாள். ரெண்டு கண்ணிலும் மஞ்சள் பீளை, இமையும் வீங்கியிருக்கு. தாய்ப்பால் விட்டால் மாறும் என்று மாமி சொல்றா. மிட்வைஃப் மிஸ் வாறவரை பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம் தங்கச்சி. இதை வாசித்ததும் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வெளிக்கிடுங்கோ. ஒரு மாதம் நிறையாத பிள்ளைக்குக் கண் சிவந்து வீங்கிப் பீளை தள்ளினால் அது சாதாரணக் கண்நோய் இல்லை. உடலுறவால் பரவும் சில கிருமிகள் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும். கொனோரியாக் கிருமி என்றால் பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் தெரியும். கிளமிடியா என்றால் ஐந்துக்கும் பதினாலுக்கும் இடையில். முதலாவது, கருவிழியையே துளைத்துவிடக் கூடியது. ரெண்டாவது நெஞ்சுச் சளியாகவும் இறங்கலாம். சொட்டு மருந்து மட்டும் காணாது; ஊசியோ, குடிக்கும் மருந்தோ தேவைப்படும். உங்களையும் கணவரையும் சோதிக்க வேண்டும் என்றால் கூச்சப்படாதீங்கோ, இது யாருடைய நடத்தையையும் விசாரிக்கிறதுக்கு இல்லை. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மாமி பாசத்தில் சொல்றா, ஆனால் தாய்ப்பாலைக் கண்ணில் விட வேண்டாம்.

கிண்ணியா, ஒரு உம்மா: மிஸ், என்ட மகளுக்கு நாலு மாசம். இடது கண்ணில எப்பவும் தண்ணி நிக்கிது, விடிய எழும்பினா பீளை ஒட்டியிருக்கு. கண் சிவப்பில்ல, நல்லாச் சிரிக்கிறா. திருகோணமலைக்குத்தான் வரணுமா?

அந்தரப்பட வேண்டாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை கிண்ணியாத் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுப் பாதையில் கடந்து வந்ததைக் கண்டவள் நான். இதுக்கு முதலில் உங்கட கிண்ணியா ஆதார வைத்தியசாலையிலேயே காட்டலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண்ணீர் போகும் குழாய் இன்னும் திறக்காமல் இருக்கிற மாதிரித் தெரியுது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறக்கும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கண்ணின் உள்மூலையில் சின்னவிரலை வைத்து, மூக்கோரமாகக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தித் தடவ வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதை ஒருக்கா நேரில் காட்டச் சொல்லிப் பழகுங்கோ. அந்த மூலை சிவந்து வீங்கினால் மட்டும் அன்றைக்கே போங்கோ.

மூதூர், ஒரு தாய்: மகன் முதலாம் வகுப்பு. கண் சிவந்து நீர் வடியுது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேண்டின சொட்டு மருந்து மிச்சம் இருக்கு. விடலாமா?

விடாதீங்கோ, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சில சொட்டு மருந்தில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். விட்டதும் சிவப்புக் குறையும், சுகம் என்று நினைப்போம். உள்ளே ஹெர்பீஸ் வைரஸ் இருந்தால் அது கருவிழியைத் தின்னும். ஒருமுறை ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். எங்கோ டொக்டரின் துண்டு இல்லாமல் வேண்டிய மருந்தை மூன்று கிழமை விட்டிருந்தார்கள். கருவிழி நடுவில் பச்சரிசி மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தத் தாய் போத்தலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்குது.

மூதூர் ஆதார வைத்தியசாலை ஓபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், காட்டுங்கோ. வைரஸ் என்றால் ஒன்று ரெண்டு கிழமையில் மாறும். தலையணை, துவாய் வேறாக இருக்கட்டும். பீளை நிற்கும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம்.

நிலாவெளி, ஒரு தகப்பன்: மருந்து தந்தவை. ரெண்டு வயசு மகள் கண்ணை இறுக்கி மூடுறாள். எப்படி விடுவது?

கொதித்து ஆறிய தண்ணியில் பஞ்சை நனைத்து முதலில் பீளையைத் துடையுங்கோ, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. பிறகு மல்லாக்கக் கிடத்தி, மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு துளி விட்டுவிட்டு, மகளோடு கதையுங்கோ. அவள் கண்ணைத் திறந்ததும் மருந்து தானாக உள்ளே போகும். போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது. திறந்து ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கோ.

தம்பலகாமம்: பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு கண் இமை ஊதிச் சிவந்து திறக்க ஏலாமல் இருக்கு. இப்ப இரவு பத்து மணி.

இப்பவே பொது வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். வார்டில் வைத்து ஊசி மருந்து ஏற்ற வேண்டி வரும். பார்வை மங்கினாலும், வெளிச்சம் பார்க்க ஏலாமல் அழுதாலும், கண்ணை அசைக்க நோவென்றாலும் இதேதான்.

சாம்பல்தீவு: ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் மகனின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரியுது. நோவு, சிவப்பு ஒன்றும் இல்லை. கேட்கலாமா என்று யோசித்தேன்.

கேட்டது நல்லது தங்கச்சி. இது தொற்று இல்லை. ஆனால் நாளைக்கே ஓபிடிக்குப் போய், கண் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லுங்கோ. படம் எடுக்கும் கோணத்தாலும் அப்படித் தெரியலாம், பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தெரியும். அதை நேரத்தோடு பிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். அந்தப் படத்தை ஃபோனில் இருந்து அழிக்காதீங்கோ. பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கோ.