நேற்று வரை டெய்லர், இன்று லைன் சூப்பர்வைசர்: எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் டெய்லராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு, வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது, லைனுக்கு வந்ததும் எதுவும் கைகொடுக்கவில்லை. ‘நேத்து வரைக்கும் எங்ககூடத் தச்ச பொண்ணுதானே’ என்று மூத்தவர்கள் என் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. பீஸ் தேங்கினால் நானே மெஷினில் உட்கார்ந்துவிடுகிறேன். இன்னொரு பயிற்சிக்குப் போனால் சரியாகுமா?

பதில்: மெஷினில் நீங்களே உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குவோம். நன்றாகத் தைக்கிறவரைச் சூப்பர்வைசர் ஆக்கினால் முதலில் செய்வது இதைத்தான். நானும் செய்திருக்கிறேன். நீங்கள் உட்காரும் அரைமணி நேரம் லைனைப் பார்க்க ஆள் இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த இடத்தில் தைக்கத் தெரியாமல் நின்றவர் நாளைக்கும் தெரியாமலேதான் நிற்பார்.

பயிற்சி வேண்டும்தான். ஆனால் எப்படிப்பட்ட பயிற்சி என்பதுதான் விஷயம். ஓவர்லாக் மெஷினை நீங்கள் பேச்சைக் கேட்டா கற்றீர்கள்? பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க, தப்பும் தவறுமாகத் தைத்துத்தானே கற்றீர்கள். ஆளை நடத்துவதும் அப்படித்தான் வரும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த ஒரு திட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940இல், அமெரிக்க அரசு தொழிற்சாலைகளுக்குள்ளேயே சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பழகிய ஆட்கள் போருக்குப் போக, பெண்கள் உட்பட ஏராளமான புதியவர்கள் வேலைக்கு வந்த சமயம் அது. ஒரு பாடத்துக்கு மொத்தமே 10 மணி நேரம், அதையும் இரண்டிரண்டு மணி நேரமாக 5 அமர்வுகளாகப் பிரித்திருந்தார்கள். சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவில், வருகிற ஒவ்வொருவரும் தன் வேலையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்து மற்றவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. வேலையைச் சொல்லிக்கொடுப்பது, ஆட்களோடு பழகுவது, வேலை முறையைத் திருத்துவது என்று மூன்று முக்கியப் பாடங்கள். உங்களுக்கு இப்போது முதல் இரண்டும் போதும்.

சொல்லிக்கொடுப்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். புதிய டெய்லருக்குக் கழுத்து ரிப், அதாவது கழுத்தில் வைக்கிற இழுபடும் பட்டி, வைக்கக் கற்றுத்தருகிறீர்கள். ‘இப்படிப் பிடி, இப்படி ஓட்டு, அவ்வளவுதான்’ என்று வேகமாக ஒரு பீஸ் ஓட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது. முதலில், இதற்கு முன் அவர் எதைத் தைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டுங்கள். ரிப்பில் நான்கு குறி, கழுத்தில் நான்கு குறி, குறியோடு குறி சேர வேண்டும். ரிப் கழுத்தைவிடச் சின்னது, அதனால் ரிப்பை மட்டும்தான் இழுக்க வேண்டும். பனியனின் உடல் துணியை இழுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும், பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, திரும்பி வரும். இந்தக் காரணத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். காரணம் தெரிந்த கைதான் நீங்கள் இல்லாதபோதும் சரியாக வேலை செய்யும். அடுத்து அவரைத் தைக்க விட்டு, எதை இழுக்கிறோம், ஏன் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள், பிறகு ஒரு மணி நேரம் கழித்து. கற்றவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் வாசகம். எனக்கு இன்றைக்கும் அது உறைக்கும்.

இரண்டாவது பாடம் கஷ்டமானது. நான் சூப்பர்வைசரான புதிதில், தொடர்ந்து நான்கு நாள் தாமதமாக வந்த ஒரு அக்காவை லைன் முன்னாலேயே சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. கம்பெனி வண்டி அவர் ஊர்ப்பக்கம் வருவது நின்றுபோனதும், பாதித் தூரம் நடந்து வருகிறார் என்பதும் மாலையில்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், இருந்தாலும் அவர் முன்போல என்னிடம் பேசப் பல மாதம் ஆனது. எதையும் முடிவு செய்யும் முன் விவரம் சேகரி என்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் படி. தனியாகக் கூப்பிட்டு, ‘என்ன ஆச்சுங்க அக்கா?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. பிறகு யோசித்து முடிவெடுப்பது, செய்வது, அது பலித்ததா என்று ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது.

மூத்தவர்கள் மதிக்கவில்லை என்கிறீர்கள். அதிகாரத்தைக் காட்டி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டைல் மாறப்போகிறது, ஆளை இடம் மாற்றப்போகிறீர்கள் என்றால் அவர்களுக்கு முந்தின நாளே சொல்லுங்கள். காலையில் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவர்களுக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. அவர்களில் சுத்தமாகத் தைக்கிற ஒருவரிடம், ‘இந்தப் பொண்ணுக்கு நீங்க சொல்லிக் கொடுங்களேன்’ என்று பொறுப்பைக் கொடுத்தும் பாருங்கள்.

கம்பெனி அடுத்த பயிற்சிக்கு அனுப்பினால் மேனேஜரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, இரண்டு முழு நாளுக்குப் பதில் வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரமாக வைக்க முடியுமா? இரண்டு, பயிற்சிக்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை யாராவது லைனில் என் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வார்களா? முடியாது என்றாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் லைனில் அதிகம் ஆல்டர் வருகிற ஒரே ஒரு தையல் வேலையை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஒரே ஒருவருக்கு மேலே சொன்னபடி இந்த வாரம் கற்றுக்கொடுங்கள். செக்கிங் டேபிளில் அந்த ஆல்டர் எண்ணிக்கையைத் தினமும் குறித்துவையுங்கள்.