அரிய வகை என்றால் கொடிய வகையா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 64. மார்புக் காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்ததால் பயாப்ஸி செய்தோம்; ‘பாப்பிலரி கார்சினோமா’ (விரல் போன்ற நீட்சிகளாக வளரும் ஒரு மார்பகப் புற்றுநோய்) என்று அறிக்கை வந்திருக்கிறது. ஆண்களுக்கு இந்நோய் வருவதே அரிது, அதிலும் இது அரிய வகை என்கிறார்கள். அப்படியானால் ஆபத்து அதிகமா? எனக்கும் வருமா?

பதில்: மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஒரு வகை அரிதாக இருப்பதற்கும் அது கொடியதாக இருப்பதற்கும் தொடர்பில்லை. ஆண்களில் பெரும்பாலும் காணப்படுவது பால் நாளங்களில் தோன்றிப் பக்கத்துத் திசுக்களுக்குள் ஊடுருவும் வகை. பால் சுரக்கும் நுண்மடல்கள் ஆண்களிடம் பொதுவாக வளர்வதில்லை என்பதால், அவற்றில் தோன்றும் வகை மிக மிக அரிது. உங்கள் அண்ணனுக்கு வந்துள்ள பாப்பிலரி வகையோ, பெண்களைவிட ஆண்களிடம் சற்றுக் கூடுதல் விகிதத்தில் காணப்படுவது. அது ஓர் உறைக்குள் அடங்கியே இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். ஆகவே வகையின் பெயரைவிட, ஊடுருவல் இருக்கிறதா, அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டு கட்டியை வளரவைக்கும் புரதங்கள்) உள்ளனவா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்களின் கட்டிகளில் 10-க்கு 9-இல் அந்த ஏற்பிகள் இருப்பதால், அவற்றைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை பெரும்பாலோருக்குக் கைகொடுக்கிறது.

அரியவற்றில் வேகமானதும் உண்டு: மார்பு சிவந்து வீங்கும் அழற்சி வகை அத்தகையது. காம்பில் அரிப்பும் செதிலுமாகத் தொடங்கும் பேஜட் நோயோ, படை என்று கருதப்பட்டு மாதக்கணக்கில் களிம்பிலேயே காலத்தைக் கழிக்க வைத்துவிடும். (ஆண் என்பதாலேயே சந்தேகம் எழாமல் போவதுதான் இதில் பெரிய இடர் என்பேன்.)

இனி உங்களைப் பற்றி. மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் எவராயினும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பதால், முதலில் அண்ணனுக்கு அதைச் செய்யுங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அவருக்கு பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் வந்திருந்தால், அது உங்களிடமும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அம்மாற்றம் உள்ள ஆண்களில் வாழ்நாளில் ஏறத்தாழ 100-க்கு 7 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதனினும் கூடுதல். அண்ணனுக்கு மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இம்மாற்றம் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஆண்களைவிட மிக அதிகம் என்பதால், இப்பரிசோதனையின் முடிவு உங்களைவிட அவர்களுக்கே அதிகம் தேவைப்படும்.