கடலோர ஊரில் ஏர் ரைபிள் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது? அது உள்ளே எப்படித்தான் வேலை செய்கிறது?

மண்டபம் பக்கம் எங்கள் ஊர். என் தாய்மாமா பலூன் சுடும் கடை போட்டவர். ஏர்வாடி சந்தனக்கூடு, ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை என்று தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி லீவில் பலூன் ஊதிக் கட்டுவது என் வேலை. அவர் கடையை விட்டபோது துப்பாக்கி ஒன்று என்னிடம் வந்தது. அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று இறுகும், குழாயும் சுடும். ஏர் ரைபிளும் ஒரு பம்புதான். அழுத்துகிற வேலையை ஸ்பிரிங் செய்கிறது. குழலை மடக்கினால் பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங் சுருங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் கொக்கி விட, பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்று சின்னத் துளை வழியாகக் குண்டின் முதுகில் மோதும். ஈயக் குண்டை உற்றுப் பாருங்கள்: இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரிக் குழிவாக இருக்கும். காற்று பாவாடையை விரிக்க, அது குழலுக்குள் இருக்கும் திருகு வரிகளைக் கவ்விச் சுழன்றுகொண்டே போகும்.

போட்டிகளில் வைத்திருப்பது வேறு வகை. அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்றைச் சிலிண்டரில் முன்பே அடைத்துவிடுவார்கள். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில்தான். நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் வகை, அதனால் அதையே பேசுவோம்.

குண்டு போடாமல் சும்மா சுட்டுப் பார்க்காதீர்கள். குண்டு வழியை அடைத்து நிற்கும் அந்தக் கணத்தில் தேங்குகிற காற்றுதான் பிஸ்டனுக்குத் தலையணை. அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் முட்டும். ஸ்பிரிங்கைச் சுருக்கிய நிலையில் வைத்துவிட்டுத் தூங்கவும் போகாதீர்கள், வலு போய்விடும். குண்டு போடும்போது மடக்கிய குழலை இன்னொரு கையால் பிடித்தே இருங்கள். கொக்கி நழுவினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் எண்ணெய். நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போது, வாசர் (பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் தோல்) காய்ந்திருக்கிறது என்று நானாக முடிவு செய்து, தையல் மெஷின் எண்ணெயைக் காற்று வரும் அந்தச் சின்னத் துளை வழியாகத் தாராளமாக விட்டேன். அடுத்துச் சுட்டவருக்கு அணுகுண்டுப் பட்டாசு மாதிரிச் சத்தம். குழல் வாயில் புகை. மாமா ஓடி வந்து, "டேய் மாப்ள, எண்ணெய விட்டியா, மருந்த விட்டியா?" என்றார். காற்று நெருங்கும்போது வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொண்டது. டீசல் எஞ்சின் ஓடுவதும் இப்படித்தான். தொடர்ந்து இப்படி வெடித்தால் வாசர் கருகும், ஸ்பிரிங் ஒடியும். பழைய தோல் வாசருக்கு எப்போதாவது ஒரு சொட்டு போதும். மாமா சொட்டு விட்டபின் குழல் வாய் மேலே பார்க்க ஓர் இரவு நிறுத்தி ஊறவிடுவார். இப்போதைய செயற்கை சீல்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய், அதுவும் அபூர்வமாக.

உள்ளே கஞ்சத்தனம், வெளியே தாராளம். நம் ஊரில் துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவதை விட உப்புக்காற்றுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னல் கம்பியே பிசுபிசுக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை துடைக்காமல் வைத்ததில், குழலின் மேல் என் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகத் துருவாகவே பதிந்திருந்தது. பலரும் செய்கிற தப்பு, உப்பின் மேலேயே எண்ணெய் பூசுவது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியால் துடையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், அதற்குப் பிறகு மெல்லிசாக மெஷின் எண்ணெய். குழல் மடியும் மூட்டில் மணல் உட்காரும். பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் கொஞ்சம் கிரீஸ். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் உதைப்பில் தளரும், அவ்வப்போது முறுக்குங்கள். ரெக்சின் உறையில் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். மாமா எண்ணெய் தடவிய பழைய வேட்டியில் சுற்றி வைப்பார், நானும் அப்படித்தான்.

ஏற்கெனவே துரு ஏறியிருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். கறுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும். எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு முரட்டுத் துணியால் பொறுமையாகத் தேயுங்கள்.

லைசென்ஸ் பற்றியும் சிலர் கேட்பார்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்துளை 0.177 அங்குலம், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் தேவையில்லை. அதற்காகத் தேர்த்தங்கால், சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்கள் பக்கம் கொக்கு, நாரை என்று கிளம்பினால் வனத்துறை வழக்குதான். பலூனோ காகிதமோ சுடுங்கள். இலக்குக்குப் பின்னால் தகரம் வேண்டாம், ஈயம் தெறித்துத் திரும்பி வரும். மாமா கடையில் பலூன் பலகைக்குப் பின்னால் கோணிச் சாக்கை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தது அதற்குத்தான்.