மகள் குதிரையேற்ற முகாமுக்குப் போகட்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானல் ஏரிக்கரையில் அரை மணி நேரம் குதிரைச் சவாரி போனதிலிருந்து அவளுக்குக் குதிரைப் பித்துப் பிடித்துவிட்டது. இந்தக் கோடை விடுமுறையில் மலைப்பகுதி ஒன்றில் ஏழு நாள் தங்கிப் பயிலும் குதிரையேற்ற முகாமில் சேர்த்துவிடச் சொல்லித் தினமும் கேட்கிறாள். என் கணவர் வீண் செலவு என்கிறார். மாமியாரோ, வயதுக்கு வரப்போகும் பெண் குதிரை ஏறினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார். எனக்கோ, விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்வாளோ என்று பயம். சிறு வயதில் அவளுக்கு வீசிங் தொந்தரவும் இருந்தது. அனுப்பலாமா? — வாசகி, திண்டுக்கல்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அனுப்புங்கள் என்பதே என் பதில். ஆனால் முகாமின் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதன் லாயத்தை ஒரு நாள் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் உங்கள் மாமியாரின் அச்சத்தைப் பார்ப்போம். பேத்தியின் மேலுள்ள அக்கறையில்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதால், அதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடிக்கப் பத்திரமாக இருக்கிறது. அது இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணமாவது பிரசவங்களும் வயது முதிர்வும்தான். வளரும் பெண் குதிரை ஏறுவதால் அப்படி நேர்வதில்லை. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில், ஒரே பதக்கத்துக்காக மோதும் விளையாட்டு குதிரையேற்றம். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 1982-க்குப் பிறகு முதன்முறையாகக் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. சவாரி செய்பவரின் சைகைக்கு ஏற்பக் குதிரை நுணுக்கமாக அடியெடுத்து வைக்கும் டிரஸ்ஸாஜ் பிரிவில் அதை வென்ற நால்வர் அணியில் திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என இருவர் பெண்கள். இந்தச் செய்தியை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். முகாமின்போது மாதவிலக்கு வந்தாலும் ஏறக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அன்றைக்கு ஏறுவதும் ஓய்வெடுப்பதும் அவள் விருப்பம்.

விழுவாளோ என்ற உங்கள் பயத்தைப் பொய்யாகத் தேற்ற எனக்கு மனமில்லை. குதிரையேற்றம் கற்பவர்கள் என்றாவது ஒரு நாள் விழத்தான் செய்வார்கள். சாதாரணமாகக் குதிரையின் முதுகே தரையிலிருந்து நாலரை அடி முதல் ஐந்தடி உயரம் இருக்கும். அதன் எடை நானூறு, ஐந்நூறு கிலோ வரை போகும். இவ்வளவு பெரிய பிராணி, காற்றில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு மிரண்டுவிடும். பிற விலங்குகளுக்கு இரையாகிவந்த இனம் என்பதால், சந்தேகம் வந்தால் முதலில் ஓடுவதே அதன் இயல்பு. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே குதிரையை நெருங்குகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே அதன் இடது தோள்பக்கமாக வர வேண்டும். ஏரிக்கரையில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, உங்கள் மகள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முகாமில் அவள் கற்கப்போவது இந்தப் பிராணியின் மனத்தை அறிந்து நடந்துகொள்வதை. அதைத் தரையில் நின்றபடிதான் முதலில் கற்க வேண்டும்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளை ஒரு முகாமில் சேர்க்க அழைத்துப் போயிருந்தேன். இருபது பிள்ளைகளுக்கு நான்கே குதிரைகள். பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆளுக்குப் பத்து நிமிடம் ஏறி இறங்கினார்கள். சேணத்தைக் கழற்றியபோது ஒரு குதிரையின் முதுகில் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அதே குதிரையின் மேல் அடுத்த நிமிடமே வேறொரு சேணத்தைப் போட்டார்கள். கட்டிய பணம் போனால் போகட்டும் என்று அவளை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். தன் குதிரையின் வலியைக் கவனிக்காதவர், நம் பிள்ளையின் வலியை மட்டும் கவனிப்பார் என்று நான் நம்பவில்லை. வலியிருக்கும் குதிரை எந்த நேரத்தில் துள்ளும் என்பதும் யாருக்கும் தெரியாது.

பிறகு அவளைச் சேர்த்த இடத்தில் முதல் நாள் ஏறவே விடவில்லை. குளம்பு சுரண்டும் சிறிய இரும்புக் கொக்கியை அவள் கையில் கொடுத்தார்கள். ஆசிரியை காட்டிக்கொடுத்தபடி அவள் குதிரையின் தோளில் உள்ளங்கையை வைத்து, முன்னங்கால் வழியே மெல்லக் கீழே தடவிக்கொண்டு போனாள். கணுக்காலுக்கு அருகில் கை வந்ததும் குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. குளம்பின் நடுவே வி வடிவத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதியைக் கீறிவிடாமல், பின்னிருந்து முன்னாகச் சேற்றைச் சுரண்டியபோது புளியங்கொட்டை அளவில் ஒரு கல் தெறித்து விழுந்தது. அந்தக் கல்லோடு ஓடியிருந்தால் குதிரை நொண்டியிருக்கும் என்று ஆசிரியை சொன்னார். அன்றிரவு போனில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் அந்தக் கல்லைப் பற்றித்தான்.

ஆகவே லாயத்துக்குப் போகும்போது குதிரைகளின் முதுகையும் விலாவையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஒரு குதிரைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். முதல் சில வகுப்புகளில் ஆசிரியர் நீளக் கயிற்றைப் பிடித்து, குதிரையை வட்டமாக நடக்கவிட்டுக் கற்றுக்கொடுப்பாரா, அல்லது இரண்டாம் நாளே ஓடவிட்டு வீடியோ எடுத்துத் தருவாரா என்பதும் முக்கியம். பக்கத்து மருத்துவமனை எத்தனை நிமிட தூரம், அவசரத்துக்கு வண்டி நிற்கிறதா, இரவில் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் தங்குகிறாரா என்பவற்றுக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். உட்காரும் முறையைத் திருத்தும்போது ஆசிரியர் காலைத் தொட நேரும். சொல்லிவிட்டுத் தொடுவதே நல்ல ஆசிரியரின் வழக்கம். மனத்துக்குச் சரியாகப் படாத தொடுகை எதுவானாலும் உடனே சொல்லிவிடலாம் என்பதை மகளிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள்.

தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் கனமானது, காதையும் பக்கப் பார்வையையும் அடைத்துவிடும். கொண்டை போட்டால் தலைக்கவசம் சரியாக உட்காராது என்பதால் கழுத்தோரமாகத் தாழ்வாக ஒற்றைச் சடை பின்னிவிடுங்கள். ஜிமிக்கி, சங்கிலி, துப்பட்டா எதுவும் வேண்டாம். காலணியில் முக்கால் அங்குலமாவது குதிகால் உயரம் இருக்கட்டும். கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடிவிடும். விழுவதைவிட எனக்கு அதிக பயம் தருவது இதுதான். குதிரையைப் பிடித்து நடத்தும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கவே வேண்டாம். விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லை என்று அவளே சொன்னாலும் அன்று மீண்டும் ஏறாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். லாயத்தில் சாணமும் மண்ணும் இருக்கும் என்பதால், 10 வயதில் போட வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீசிங் விஷயத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குதிரையின் ரோமப் பொடுகும் வைக்கோல் தூசியும் சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரியென்றால், முகாமுக்கு முன்பே சென்னை, கோவை போன்ற ஊர்களில் உள்ள பயிற்சிப் பள்ளி ஒன்றில் அவளை இரண்டு மூன்று காலை வகுப்புகளுக்கு அனுப்பிப் பாருங்கள். லாயத்தில் ஒரு மணி நேரம் குதிரையைத் தேய்த்துவிட்டு வந்த பிறகும் தும்மலோ இருமலோ இல்லை என்றால், இன்ஹேலரைப் பையில் வைத்து, விண்ணப்பத்தில் பழைய தொந்தரவை மறைக்காமல் எழுதி அனுப்பலாம். இருமல் தொடங்கினால் இந்த ஆண்டு வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஏழு நாளில் யாரும் குதிரை வீராங்கனை ஆகிவிட முடியாது. நன்றாகப் போனால், நடையில் குதிரையைத் தானே நிறுத்தவும் திருப்பவும் தெரிந்திருக்கும். நடைக்கு அடுத்த டிராட் ஓட்டத்தில், அதன் தாளத்துக்கு ஏற்ப எழுந்து உட்காரப் பழகத் தொடங்கியிருப்பாள். அதற்கு இந்தச் செலவு தகுமா என்று அவரே கணக்குப் பார்க்கட்டும். முடிவெடுக்கும் முன் லாயத்தைப் பார்க்கப் போகும் அன்று அவரையும் அழைத்துப் போங்கள். மகள் குதிரையின் அருகில் நிற்பதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டை விட்டுத் தனியே தங்காத பிள்ளை இரண்டாம், மூன்றாம் இரவில் போன் செய்து அழக்கூடும். தொடைகளின் உட்பக்கம் கன்றிப்போய், நடக்கவே வலிப்பதும் அந்த நாட்களில்தான். உடனே வண்டி பிடித்துவிடாதீர்கள். யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்களா, உடம்பு சரியில்லையா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். அப்படி ஏதேனும் இருந்தால் அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும். வெறும் ஏக்கம்தான் என்றால், அவளுக்குக் கொடுத்திருக்கும் குதிரையின் பெயர் என்ன, இன்று கொள்ளு தின்றதா, கால் தூக்கிக் கொடுத்ததா என்று பேச்சுக் கொடுங்கள். மறுநாள் காலை லாயத்துக்குப் போய் வந்த பிறகும் வீட்டுக்கே வரவேண்டும் என்று சொன்னாளானால், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் போய் அழைத்து வந்துவிடுங்கள்.