நர்ஸம்மா பதில்கள்: மூன்று வேளையும் கொடுத்தும் பிள்ளை ஏன் தேறவில்லை?

கேள்வி: நர்ஸம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். பெரியவளுக்கு 20 மாசம், சின்னவன் பிறந்து 3 மாசம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பணம் அனுப்புவார், சில தடவை அதுவும் இருக்காது. போன வாரம் அங்கன்வாடியில் பெரியவளை எடை போட்டார்கள், 7 கிலோ 800. கையில் நாடாவைச் சுற்றி 12.1, மஞ்சள் என்று எழுதிக்கொண்டார்கள். காலையில் டீயில் பிஸ்கட், மத்தியானம் கஞ்சி, ராத்திரி ரசம் சோறு கரைத்து என்று வேளாவேளைக்குக் கொடுக்கத்தான் செய்கிறேன். மாமியார் இது சவலைப் பிள்ளை, தொக்கம் எடுத்தால் சரியாகிடும் என்கிறார். பக்கத்து வீட்டில் டப்பாப் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது? நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பேச்சு வேறு. (பெயர் போட வேண்டாம்)

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளில் 100க்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 22 பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. அத்தனை வீட்டுத் தாய்க்கும் பொறுப்பில்லையா என்று பேசுகிறவர்களைத் திருப்பிக் கேளுங்கள்.

இருபது மாதப் பெண் குழந்தை சுமாராகப் பத்தரைக் கிலோ இருக்கும். 8.4க்குக் கீழே வந்தால் எடைக்குறைவு, 7.5க்குக் கீழே போனால் கடும் எடைக்குறைவு. உங்கள் மகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். நாடாவும் அதையேதான் சொல்கிறது. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு, இடையில் மஞ்சள். மஞ்சளில் இருக்கிற பிள்ளையை வீட்டுச் சாப்பாட்டிலேயே தேற்றிவிடலாம். ஆனால் இந்த நேரம் பார்த்து ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் மளமளவென்று சிவப்புக்கு இறங்கிவிடும், அதனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இப்போது அந்தக் கஞ்சிக்கு வருகிறேன். முப்பது வருஷம் கிராமத்து நர்ஸாகச் சைக்கிளில் சுற்றியவள் நான், இதே காட்சியை எத்தனை திண்ணையில் பார்த்திருப்பேன்! டம்ளர் நிறையக் கஞ்சி, பிள்ளையும் மடமடவென்று குடிக்கும், வயிறு முட்டும், இரண்டு மணி நேரத்தில் சிணுங்கும், சிணுங்கலுக்கு ஒரு பிஸ்கட், பிஸ்கட் தின்ற வாய் அடுத்த வேளைச் சோற்றைத் துப்பும். எட்டுக் கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர்தான் பிடிக்கும். அந்த டம்ளரில் பெரும்பாதி தண்ணீர் என்றால் பிள்ளை என்ன செய்யும்? ரசத்தில் கரைத்த சோறும் இதே கதைதான். நீங்கள் வேளை தவறவில்லை, பிள்ளையும் மறுக்கவில்லை, ஆனால் உள்ளே போனது முக்கால்வாசி தண்ணீர்.

கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் அது கஞ்சித் தண்ணீர். வழுக்கிக்கொண்டு மெதுவாக விழுந்தால் அது சாப்பாடு. குழையக் குழைய வேகவைத்த சோறு, அதில் பாதியளவாவது கெட்டிப் பருப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு பிடி முருங்கைக்கீரை, விரலால் நன்றாக மசித்து. அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயில் மட்டும் 40 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடமும் அடைக்காது. ரேஷனில் 25 ரூபாய்க்குத் தருகிற பாமாயில் போதும், 30 ரூபாய்த் துவரம்பருப்பு போதும். எண்ணெய் கெடுதல் என்று டிவியில் சொல்வதெல்லாம் என்னைப் போலத் தொப்பை வைத்தவர்களுக்கு.

உங்கள் மாவட்டத்தில் களிக்குப் பஞ்சமில்லை, 2023இலிருந்து தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகியே கொடுக்கிறார்கள், அதையும் வாங்குங்கள். களி பிள்ளைக்குத் தொண்டையில் இறங்காது என்று தண்ணீர் ஊற்றிக் கூழாக்கிவிடுவீர்கள், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். கொஞ்சம் ராகியை முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ராகியைக் கெட்டியாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறியதும் அந்த முளைமாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினால் சற்று நேரத்தில் தண்ணீர் சேர்க்காமலே இளகிவிடும். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற ஒரு பொருள் உண்டாகிறது, அது செய்கிற வேலை. அப்புறம் ஒரு கொதி விட்டு இறக்கி, வறுத்த வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் சேர்த்துக் கொடுங்கள். கடலையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், முழுக்கடலை இந்த வயதில் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

டீயை நிறுத்துங்கள். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது, அதிலும் முருங்கைக்கீரை கொடுத்த கையோடு டீ கொடுத்தால் கீரை வீண். பிஸ்கட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஐந்து ரூபாய்ப் பாக்கெட் நாளைக்கு இரண்டு என்றால் பத்து ரூபாய். ஒரு முட்டை ஆறு ஏழு ரூபாய், அதில் 6 கிராம் புரதம்.

ஒரு காலத்தில் நானே சுவரில் மாட்டிய சார்ட்டைப் பார்த்து பால், பழம், முட்டை, மீன் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவள்தான். ஒரு அம்மா இடுப்புப் பிள்ளையோடு நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதுல எங்க வீட்டுல அடுப்பு மட்டும்தான் நர்ஸம்மா இருக்கு" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ரேஷன் கார்டை எடுத்து வரச் சொல்லி, அந்த மாதம் என்னென்ன வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அதனால் கேட்கிறேன், அங்கன்வாடி சத்துமாவு பாக்கெட் என்ன ஆகிறது? பெரியவளுக்கு ஒரு பங்கு உண்டு, பால் கொடுக்கிற உங்களுக்குத் தனிப் பங்கு உண்டு, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முட்டையும் உண்டு, டீச்சரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த மாவு வீட்டில் எல்லாருக்கும் உருண்டையாகப் போவதையும், சில வீட்டில் ஆட்டுக்கு வைப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளையுடைய பாக்கெட்டில் பிள்ளையின் பெயரை எழுதி, மாமியார் கையிலேயே கொடுத்து, "இதை நீங்கதான் பார்த்துக்கணும் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் சவலை என்று சொன்னது தப்பில்லை. அடுத்தது வயிற்றில் தங்கியதும் பால் மறந்து வாடுகிற பிள்ளைக்கு நம் கிழவிகள் வைத்த பேர் அது, நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொக்கம் மட்டும் வேண்டாம். தொண்டைக்குள் விரலை விட்டும் குழலை வைத்து உறிஞ்சியும் ஏதோ எடுத்துக் காட்டுவார்கள், பிள்ளைக்குத் தொண்டை கிழியும், இல்லாவிட்டால் கிருமி தொற்றும். நீங்கள் இப்போது பால் கொடுக்கிறீர்கள் அல்லவா, சின்னவன் குடித்து முடித்ததும் பெரியவளையும் மடியில் போட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் குடிக்கட்டும். இரண்டு வயது வரை தாய்ப்பால் கொடுக்கலாம். நீங்களும் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும், பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பழக்கம் இப்போது ஆகாது.

மூன்று வேளையை ஐந்தாக்குங்கள். தனித் தட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டு. பொதுத் தட்டில் அவள் எவ்வளவு தின்றாள் என்று யாருக்கும் தெரியாது. குடற்புழு மாத்திரை (இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, நசுக்கி), வைட்டமின் ஏ சொட்டு, வாரம் இரண்டு முறை இரும்புச்சத்து சிரப், இவை விட்டுப்போயிருக்கிறதா என்று உங்கள் ஊர் நர்ஸைக் கேளுங்கள். பேதி வந்தால் ஓஆர்எஸ், கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. இந்த வயதில் மாதம் 200 கிராம் ஏறுவது சாதாரணம், இவளுக்கு அதைவிடக் கூடுதலாக ஏற வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் முள் அசையவில்லை என்றாலோ, வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, அரசு ஆஸ்பத்திரியில் காட்டி காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். மகனுக்கு 3 வயது, ஒல்லி. மாதாமாதம் கடன் சொல்லியாவது ஊட்டச்சத்துப் பவுடர் டப்பா வாங்கிக் கொடுக்கிறேன். விளம்பரத்தில் சொல்வது போல் வளர்த்தி தெரியவில்லையே?

பதில்: டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைக்காரர்களிடம் இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கடன் சொல்லி வாங்குகிற காசுக்கு முட்டையும் பொட்டுக்கடலையும் வாங்குங்கள். பையனை அங்கன்வாடியில் விடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வயது முடிந்தால் அங்கே மத்தியானம் சூடாகச் சாப்பாடு, வாரத்தில் சில நாள் முட்டை. நைட் ஷிப்ட் முடித்து நீங்கள் தூங்குகிற நேரத்தில் அவன் பசியோடு இருக்க மாட்டான்.

கேள்வி: நான் ஒரு அங்கன்வாடி உதவியாளர். செங்கல் சூளைக்கு வந்திருக்கிற குடும்பத்தில் இரண்டு வயதுப் பையன், ஒரு வாரத்தில் கன்னமும் காலும் உப்பிவிட்டது. சதை போட்டிருக்கிறான் என்று தாய்க்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. முடியும் செம்பட்டையாகி வருகிறது.

பதில்: உங்களுக்குப் பட்டதுதான் சரி. இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டு பாதத்திலும் குழி அப்படியே நின்றால் அது சதை இல்லை, நீர். எடையும் நாடாவும் என்ன காட்டினாலும் அதைக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 1935இல் சிசிலி வில்லியம்ஸ் என்கிற டாக்டர் இன்றைய கானாவில் இதைப் பார்த்து, அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன 'குவாஷியோர்கர்' என்ற பேரையே எழுதி வைத்தார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்று அர்த்தமாம். நம் சவலையேதான்!

இதற்கு வீட்டு வைத்தியம், முட்டை, சத்துமாவு எதுவும் முதல் நாளில் கொடுத்துப் பார்க்காதீர்கள், ஒரேயடியாக ஊட்டினாலும் ஆபத்து, சலைன் ஏற்றினாலும் ஆபத்து. குழி விழுந்தால் இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அங்கே அளந்து அளந்து பால்கஞ்சி கொடுத்து மீட்பார்கள். வழியில் உடம்பு குளிராமல் தாயின் நெஞ்சோடு அணைத்துத் துணி சுற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சூளை மேஸ்திரி விடமாட்டேன் என்பார், தாய்க்குக் கூலி போகும் பயம் இருக்கும். நீங்களே 108க்குப் போன் போட்டு, வண்டியில் கூடவே ஏறிவிடுங்கள்.