வின்டோஸ் எங்கேயும் போகவில்லை

கேள்வி: மடிக்கணினியில் இருக்கும் வின்டோஸைத் தொடாமல், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டான் என் மகன். இப்போது அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று வந்து அப்படியே நிற்கிறது. மகளின் பாலிடெக்னிக் ஒப்படைப்பு எல்லாம் வின்டோஸில்தான். கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்.
- வாசகி, ஈசூன்

பதில்: ஃபார்மட் பேச்சையே எடுக்காதீர்கள் அம்மா. உங்கள் மகனையும் திட்ட வேண்டாம், வெளி டிஸ்க்கைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான், ஆனால் உபுண்டுவின் நிறுவி பல நேரம் கிரப் என்ற தொடக்க நிரலை மட்டும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் (தொடக்க நிரல்கள் இருக்கும் சிறு இடம்) எழுதிவிடும். கணினியும் அதைத்தான் முதலில் பார்க்கிறது, அதுவோ கழற்றிப்போட்ட டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் லினக்ஸ் வரும். அதிலிருந்தே வின்டோஸ் பகுதியைத் திறந்து முதலில் ஒப்படைப்பை ஒரு தம்ப் டிரைவில் நகலெடுங்கள் (பிட்லாக்கர் என்ற வின்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் சாவி கேட்கும்).

அப்புறம் கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, கணினியை மட்டும் திரும்பப் போட்ட உடனே லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப், விட்டு விட்டுத் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'வின்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கும், அதில் என்டர். பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடும். பிறகு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பூட் வரிசையில் அதை மேலே ஏற்றிவிட்டால் போதும். 'உபுண்டு' என்ற வரி கீழே கிடந்தால் கிடக்கட்டும். 'லெகசி' என்ற பழைய தொடக்க முறைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இன்னொரு தலைவலி.

நடுவில் நீலத்திரை வந்து 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம், அந்தக் கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைபேசி வழியாக நுழைந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பட்டியலில் அந்தப் பெயரே இல்லையா? சரி, வேறு கணினியில் 8 ஜிபி தம்ப் டிரைவில் வின்டோஸ் நிறுவி ஒன்று தயார் செய்யுங்கள், அதில் உள்ளது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அதிலிருந்து தொடங்கி 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' (புதிய பதிப்பில் 'ரிப்பேர் மை பிசி') வழியாக 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' போங்கள், 'இன்ஸ்டால்' பக்கம் கையே போகக்கூடாது. அதிலும் சரியாகாவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள், போய் "கோப்புகள் அப்படியே வேண்டும், பூட் பகுதியை மட்டும் சரிசெய்யுங்கள்" என்று சொல்லுங்கள்.